அட்மின் யார், எதுவரை? நிறுவன மென்பொருளில் ரோல்களையும் அனுமதிகளையும் ஒழுங்குபடுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டத்தில் ஒரு மொத்த வியாபார நிறுவனம். அங்கே பதினொரு ஆண்டுகள் கணக்கராக இருந்தவருக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. எல்லோரிடமும் முறையாகச் சொல்லிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். அடுத்த வாரம் பில் போடும் மென்பொருளில் வரி விகிதம் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. அட்மின் கணக்கில் நுழைந்தால்தான் மாற்ற முடியும். நுழைய ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. போவது அவருடைய பழைய எண்ணுக்கு. அந்த சிம் கார்டு குவைத்தில் ஏதோ ஒரு பெட்டிக்குள் கிடந்தது. ஒன்பது நாட்கள் கையால் பில் எழுதினார்கள். கணக்கர் மீது குறை சொல்ல முடியாது. அவருடைய எண்ணையே கொடுக்கச் சொன்னவர் முதலாளிதான்.

நான் நாகர்கோவிலில் இருந்துகொண்டு சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மென்பொருள் அமைத்துக் கொடுப்பவன். அந்த ஒன்பது நாட்களுக்குப் பிறகு எங்கே போனாலும் என் முதல் கேள்வி, "இங்கே அட்மின் யார்?" என்பதுதான். பதிலாக ஓர் ஆளின் பெயர் வந்தால் எனக்கு வேலை நிறைய இருக்கிறது. ஒரு பொறுப்பின் பெயர் வந்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

விளக்கத்துக்காக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ரப்பர் பாலும் ஷீட்டும் வாங்கி விற்கும் வியாபாரம். தலைமை அலுவலகம் நாகர்கோவிலில். கொள்முதல் டிப்போக்கள் குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் ஆகிய மூன்று இடங்களில். ஊழியர்கள் நாற்பது பேர். உங்கள் நிறுவனம் ஜவுளிக்கடையாக இருக்கலாம், மருத்துவமனையாக இருக்கலாம். பெயர்களை மாற்றிக்கொண்டு படியுங்கள்.

படி 1: எங்கெல்லாம் அட்மின் இருக்கிறார் என்று எழுதுங்கள்

கணினியைத் தொடும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். பலர் கணக்கு மென்பொருளோடு பட்டியலை நிறுத்திவிடுவார்கள். மின்னஞ்சல் சேவை, சம்பள மென்பொருள், விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி, சிசிடிவி செயலி, ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில் தளம், வங்கியின் இணையச் சேவை ஆகிய எல்லாவற்றிலும் ஓர் அட்மின் இருக்கிறார். எல்லோரும் மறப்பது நிறுவனத்தின் இணைய முகவரியைப் பதிவு செய்த கணக்கைத்தான். முன்பு எப்போதோ இணையதளம் செய்து கொடுத்த தம்பியின் சொந்த ஜிமெயிலில் அது இருக்கும். இணைய முகவரியைக் கையில் வைத்திருப்பவர் நிறுவனத்தின் மின்னஞ்சலைத் திருப்பிவிட முடியும். மின்னஞ்சலைக் கையில் வைத்திருப்பவர் மற்ற எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிவிட முடியும். ஆகவே பட்டியலில் அதை முதலில் எழுதுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் நேராக நான்கு விவரங்கள் போதும்: உரிமை யார் பெயரில் இருக்கிறது, அட்மின் அதிகாரம் யார் யாரிடம் இருக்கிறது, மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் யாருடையவை, அட்மின் கடைசியாக உள்ளே நுழைந்தது எப்போது.

உரிமையாளர் வேறு, நிர்வாகி வேறு என்பதைச் சிலருக்கு விளக்குவது கடினம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தச் சிரமம் இருக்கக் கூடாது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. ஆனால் அரண்மனையை இன்றுவரை நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை. மென்பொருளிலும் அப்படித்தான். உரிமை நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில், நிறுவனம் வாங்கிய சிம் எண்ணில் இருக்கட்டும். நிர்வாகம் பார்ப்பவர் மாறிக்கொண்டே இருக்கலாம்.

படி 2: ஆட்களை மறந்துவிட்டு வேலைகளை எழுதுங்கள்

ஒருவருக்குத் தன் வேலையைச் செய்ய எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவே கொடுக்க வேண்டும் என்பதை ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் 1975இலேயே கணினிப் பாதுகாப்பின் அடிப்படை விதிகளில் ஒன்றாக எழுதிவைத்தார்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் 1992இல் அதற்கு நடைமுறை வடிவம் கொடுத்தார்கள். அனுமதியை ஆளிடம் நேராகக் கொடுக்காமல் ரோலிடம், அதாவது ஒரு பொறுப்பிடம், கொடு, ஆளை ரோலில் சேர் என்பதுதான் அந்த வடிவம். இன்று ஏறக்குறைய எல்லா நிறுவன மென்பொருட்களும் இப்படித்தான் இயங்குகின்றன.

நம் கற்பனை ரப்பர் நிறுவனத்தில் நடக்கும் வேலைகள் இவை: எடை போடுவது, பாலின் தரம் சோதிப்பது, அன்றைய விலையை ஏற்றுவது, பணம் கொடுப்பது, கணக்கு எழுதுவது, டிப்போவை மேற்பார்ப்பது, எல்லாவற்றையும் பார்வையிடுவது. ஏழு வேலைகள், ஏழு ரோல்கள். நாற்பது பேருக்கு இது போதும். "அருமனை ராத்திரி டியூட்டி உதவியாளர்" என்று தனி ரோல் உருவாக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஆளுக்காக உருவாக்கிய ரோல், அந்த ஆளின் மறுபெயர்தான். டிப்போவுக்கு டிப்போ ரோலைப் பெருக்குவதையும் தவிர்க்கலாம். எடையாளர் என்ற ஒரே ரோலை வைத்துக்கொண்டு, எந்த டிப்போவின் தரவு அவருக்குத் தெரிய வேண்டும் என்ற எல்லையை மட்டும் தனியாக அமையுங்கள். உங்கள் மென்பொருளில் இதற்குக் கிளை, பிரிவு, காஸ்ட் சென்டர் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு ரோலுக்கும் எதிரே வினைச்சொற்களை எழுதுங்கள்: பார்க்க, சேர்க்க, திருத்த, நீக்க, ஒப்புதல் தர, தரவிறக்க. கடைசிச் சொல்லை அடிக்கோடிடுங்கள். எல்லோரும் "நீக்க" என்பதற்குத்தான் பயப்படுகிறார்கள். விற்பனையாளர்களின், அதாவது நம்மிடம் ரப்பர் விற்பவர்களின், பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அடங்கிய எக்செல் கோப்பை ஒரே சொடுக்கில் தரவிறக்கும் அனுமதியால்தான் தரவு சத்தமில்லாமல் வெளியே போகிறது. பார்க்கும் அனுமதியோடு அது தானாகவே ஒட்டிக்கொண்டு வரும் மென்பொருட்கள் நிறைய உண்டு. இயல்பாகவே யாருக்கும் அந்த அனுமதி இல்லை என்று தொடங்குங்கள்.

படி 3: ஒரே கையில் சேரக் கூடாதவற்றைப் பிரியுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும்.

ரப்பர் பாலை எடை போட்டு அந்த எடைக்கு அப்படியே பணம் கொடுப்பதில்லை. பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று சோதித்து, அந்த அளவுக்குத்தான் விலை. ஒருவர் 200 கிலோ பால் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். உலர் ரப்பர் 32 சதவீதம் என்றால் 64 கிலோவுக்குப் பணம். அதையே 36 சதவீதம் என்று பதிந்தால் 72 கிலோ. தராசு சரியாக இருக்கிறது, விலை சரியாக இருக்கிறது, கையெழுத்தும் சரியாக இருக்கிறது. எட்டுக் கிலோ மட்டும் காற்றிலிருந்து வந்திருக்கிறது.

எடையைப் பதிபவரும் சதவீதத்தைப் பதிபவரும் ஒரே லாகினில் இருந்தால் இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆகவே எடையாளருக்குச் சதவீதக் கட்டம் பார்க்க மட்டும். சோதிப்பவருக்கு எடைக் கட்டம் பார்க்க மட்டும். இன்னும் நல்லது, சோதிப்பவருக்கு விற்பனையாளரின் பெயரே தெரியாமல் மாதிரி எண் மட்டும் தெரிவது. விலையையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும். ரப்பர் வாரியம் ஒவ்வொரு நாளும் கோட்டயம் சந்தை விலையை வெளியிடுகிறது. அதைப் பார்த்து அன்றைய கொள்முதல் விலையைத் தலைமை அலுவலகத்தில் ஒருவர் ஏற்றட்டும், இன்னொருவர் ஒப்புதல் தரட்டும். டிப்போவில் யாருக்கும் விலைக் கட்டத்தைத் திருத்தும் அனுமதி வேண்டாம். வங்கிகளில் ஒருவர் பதிவார், மற்றொருவர் சரிபார்ப்பார். அந்தப் பழைய வழக்கம்தான் இதுவும்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு: விற்பனையாளரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும் அனுமதி. அந்த எண்ணை மாற்றுபவரும் பணம் அனுப்புபவரும் கட்டாயம் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். மாற்றினால் விற்பனையாளருக்குக் குறுஞ்செய்தி போகும்படி அமைக்க முடிந்தால் அமையுங்கள்.

சிறிய டிப்போவில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள், எங்கே பிரிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே முன்கூட்டியே தடுக்க முடியாது. நடந்த பிறகு பார்க்கலாம். ஒவ்வொரு நாளும் மாலையில் அந்த டிப்போவின் சராசரிச் சதவீதத்தைத் தலைமை அலுவலகம் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

"என்னை நம்பவில்லையா?" என்ற கேள்வி

அனுமதியைக் குறைக்கத் தொடங்கியதும் இந்தக் கேள்வி வரும். குடும்பம்போல் நடக்கும் நிறுவனங்களில் இன்னும் கூர்மையாக வரும். ஒரு டிப்போ மேலாளர் என்னிடம், "அண்ணாச்சி, இருபது வருடம் சாவி என்னிடம்தான் இருந்தது. இப்போது கம்ப்யூட்டர் என்னைச் சந்தேகப்படுகிறது" என்றார். முகம் வாடியிருந்தது. நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: "நாளைக்கு இருப்பில் இரண்டு டன் குறைந்தால் முதலில் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்?" எல்லா அனுமதியும் உள்ளவரைத்தான். விலையைத் திருத்த முடியாதவர் மீது விலையைத் திருத்தினார் என்ற பழி விழாது. அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை; இரண்டு நாட்கள் கழித்துத்தான் ஏற்றுக்கொண்டார்.

முதலாளியைச் சமாளிப்பது இதைவிடக் கடினம். "என் நிறுவனம், எனக்கு எல்லா அதிகாரமும் வேண்டும்" என்பார். எல்லாவற்றையும் பார்க்கும் அதிகாரம் கொடுங்கள். நிறுவனத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையான எண்ட்ராவில் குளோபல் ரீடர் என்றே ஒரு ரோல் உண்டு: எல்லா அமைப்புகளையும் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. மோசடிக்காரர்கள் முதலாளியின் கைபேசியையும் குறிவைப்பார்கள் என்று விளக்கினால் பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள். மீதிப் பேருக்கு, அன்றாடம் பயன்படுத்தும் கணக்கு ஒன்று, அட்மின் கணக்கு தனியாக ஒன்று என்று இரண்டாகக் கொடுத்துவிட்டுப் பிரார்த்தனை செய்யலாம்.

படி 4: அட்மின் வேலையையே பிரியுங்கள்

கடவுச்சொல் மறந்தவருக்குப் புதிதாக அமைத்துக் கொடுப்பதற்கு உச்ச அதிகாரம் தேவையில்லை. எண்ட்ராவில் ஹெல்ப்டெஸ்க் அட்மினிஸ்ட்ரேட்டர், யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர், பில்லிங் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று தனித்தனி ரோல்கள் தயாராகவே இருக்கின்றன. நிறுவனங்களுக்கான கூகுளின் மின்னஞ்சல், கோப்புச் சேவையான கூகுள் ஒர்க்ஸ்பேஸிலும் பயனர் மேலாண்மை, குழு மேலாண்மை, உதவி மேசை எனத் தனித்தனியே உண்டு. புதிதாக ரோல் செய்யும் முன் இவற்றைப் பாருங்கள்.

உச்ச அதிகாரக் கணக்குகள் எத்தனை இருக்கலாம்? குளோபல் அட்மின்கள் ஐந்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். ஒன்றுக்கு மேற்பட்ட சூப்பர் அட்மின் வேண்டும், ஆனால் அந்தக் கணக்கில் அன்றாட வேலை செய்யக் கூடாது என்கிறது கூகுள். நாற்பது பேர் கொண்ட நிறுவனத்துக்கு என் கணக்கு: இரண்டு ஆட்கள், கூடவே அவசரக் கணக்கு (அது என்ன என்று படி 5இல் பார்ப்போம்). ஒருவர் மட்டும் என்றால் குவைத் கதைதான்.

"அட்மின்" என்ற பொதுப் பெயரில் ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் பயன்படுத்தும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். யார் செய்தது என்ற கேள்விக்கு அங்கே பதிலே கிடைக்காது.

படி 5: இரண்டாவது பூட்டும் அவசர வழியும்

அட்மின் கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி.யை நம்ப வேண்டாம். மோசடிக்காரர்கள் உங்கள் எண்ணுக்கு வேறு சிம் வாங்கி அதை எடுத்துவிடுகிறார்கள். அங்கீகாரச் செயலி பரவாயில்லை, யு.எஸ்.பி. பாதுகாப்புச் சாவியோ, பாஸ்கீயோ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகையாலோ கைபேசிப் பூட்டாலோ நுழையும் முறை) சிறந்தது. 2020 ஜூலையில் ட்விட்டரில் ஒபாமா, பைடன், ஈலான் மஸ்க் போன்றவர்களின் கணக்குகளிலிருந்து பிட்காயின் கேட்டுப் பதிவுகள் வந்தது நினைவிருக்கலாம். அந்தப் பிரபலங்களின் கடவுச்சொல்லை யாரும் உடைக்கவில்லை. ட்விட்டர் ஊழியர்களைத் தொலைபேசியில் ஏமாற்றி, அவர்கள் பயன்படுத்திய உள் நிர்வாகக் கருவிக்குள் நுழைந்தார்கள். ஒருவர் குரலில் பதற்றத்தோடு "ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று கேட்டால் அவர் எங்கள் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு அல்ல என்று டிப்போ ஊழியர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

பூட்டு கெட்டியானால் நாமே வெளியே மாட்டிக்கொள்ளும் நாளும் வரும். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்பேசிச் சிக்னலும் இல்லை. ரப்பர் மரங்கள் சாலையெங்கும் விழுந்து கிடந்தன. அட்மின் வீட்டில் சிக்கிக்கொள்வார், அவருடைய கைபேசி அணைந்திருக்கும், சம்பளம் போட வேண்டிய தேதி மட்டும் நிற்காது.

அதற்காகத்தான் அவசரக் கணக்கு. எண்ட்ராவில் இரண்டு அவசரக் கணக்குகள் வைக்கச் சொல்கிறார்கள். யாருடைய பெயரிலும், யாருடைய கைபேசியிலும் அவை இருக்கக் கூடாது. நீண்ட கடவுச்சொல்லையும் பாதுகாப்புச் சாவியையும் உறையிலிட்டு, அரக்கு வைத்து, ஒன்றை வங்கி லாக்கரிலும் மற்றொன்றை வேறு ஊரில் இரும்புப் பெட்டியிலும் வையுங்கள். இரண்டும் கடற்கரை ஓரத்தில் வேண்டாம். கூகுள் கணக்கில் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுக்கொள்ளும் வசதி உண்டு. அதையும் அதே உறையில் போடலாம். அவசரக் கணக்கில் யாராவது நுழைந்தால் இரண்டு பேருக்காவது உடனே எச்சரிக்கை போக வேண்டும். ஆண்டுக்கு இருமுறை உறையைப் பிரித்து, நுழைய முடிகிறதா என்று பார்த்து, புதிய கடவுச்சொல்லோடு மறுபடி மூடுங்கள்.

படி 6: சோதித்துவிட்டு மாற்றுங்கள்

ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு சோதனைப் பயனரை உருவாக்கி, அவராகவே உள்ளே நுழையுங்கள். செய்ய வேண்டியது நடக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். நடக்கக் கூடாதது நடக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. எடையாளராக நுழைந்து விலையைத் திருத்த முயலுங்கள். திரையில் பொத்தான் மறைந்திருந்தாலும் கைபேசிச் செயலியில் அதே பொத்தான் திறந்திருக்கும், அங்கேயும் பாருங்கள். ஒருவர் இரண்டு ரோல்களில் இருந்தால் பெரும்பாலான மென்பொருட்களில் இரண்டின் அனுமதிகளும் கூடிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். மாற்றத்தை ஒரு டிப்போவில் தொடங்கி ஒரு வாரம் ஓட விடுங்கள். மாதத்தின் 11ஆம் தேதி, 20ஆம் தேதி அருகே தொடங்க வேண்டாம், ஜி.எஸ்.டி. தாக்கல் நேரத்தில் கணக்கரின் சாபம் பலிக்கும். மார்ச் கடைசி வாரத்தைச் சொல்லவே வேண்டாம்.

படி 7: சேர்வது, மாறுவது, விலகுவது

சேர்பவருக்கு யாரும் தவறு செய்வதில்லை. "பழைய ஆளுக்கு இருந்ததை அப்படியே கொடு" என்று சொல்வதைத் தவிர. விலகுபவரைப் பற்றி ஓரளவு எச்சரிக்கை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இடம் மாறுபவரை யாரும் கவனிப்பதில்லை. அருமனையில் எடையாளராகச் சேர்ந்தவர் பிறகு சோதனைக்கு மாறுகிறார், பிறகு நாகர்கோவிலில் கணக்குப் பிரிவுக்கு வருகிறார். ஒவ்வொரு முறையும் புதிய அனுமதி சேர்கிறது, பழையது போவதில்லை. படி 3இல் பாடுபட்டுப் பிரித்ததெல்லாம் ஆறு ஆண்டுகளில் ஒரே மனிதரிடம் மீண்டும் சேர்ந்துவிடுகிறது. இடமாற்ற ஆணையில் "நீக்க வேண்டிய ரோல்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். அந்த வரி நிரப்பப்படாமல் புதிய ரோல் கிடையாது.

விலகும் நாளில் வரிசை முக்கியம். முதலில் கணக்கை முடக்குங்கள், நீக்காதீர்கள். முடக்கினாலும் கைபேசியில் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு சில நேரம் தொடரும். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் கட்டளையைக் கொடுங்கள். அவர் பெயரில் இருக்கும் கோப்புகள், தானாக ஓடும் அறிக்கைகள், வேறு மென்பொருட்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தும் ஏ.பி.ஐ. சாவிகள் ஆகியவற்றை இன்னொரு கணக்குக்கு மாற்றுங்கள். மீட்பு எண்களைப் படி 1 பட்டியலோடு ஒப்பிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் நீக்கம். தவறுதலாக நீக்கிவிட்டால் கூகுள் ஒர்க்ஸ்பேஸில் 20 நாட்களுக்குள்ளும் எண்ட்ராவில் 30 நாட்களுக்குள்ளும் மீட்கலாம்.

வெளியாட்களும் இந்த விதிக்குள்தான். தணிக்கையாளருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும், முடிவுத் தேதியோடு. மென்பொருள் விற்றவர் தூரத்திலிருந்து நம் திரையைப் பிடித்து வேலை செய்யும்போது யாராவது ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். டீ குடிக்கப் போகக் கூடாது.

படி 8: பதிவேட்டைப் படியுங்கள்

யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்கள் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்யும், அந்தப் பதிவை அணைக்க முடியாத கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். சொந்த உரிமையாளர் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் வசதி இருந்தால் இயக்கிவையுங்கள். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. இணையத் தாக்குதல் நடந்தது தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. எண்ட்ராவின் இலவசப் பதிப்பில் பதிவுகள் ஏழு நாட்கள்தான் தங்கும். ஆகவே அவற்றை எடுத்து வேறிடத்தில் சேமிக்க ஏற்பாடு வேண்டும். அட்மின் நினைத்தாலும் அழிக்க முடியாத இடமாக அது இருக்கட்டும்.

எல்லாவற்றையும் படிக்க யாருக்கும் நேரமில்லை. மாதம் ஒருமுறை ஐந்தை மட்டும் பாருங்கள்: புதிதாக அட்மின் ஆனவர், ரோல் மாறியவர், இரண்டடுக்குச் சரிபார்ப்பு நீக்கப்பட்ட கணக்கு, வேலை நேரத்துக்கு வெளியே மாறிய விலை, மாறிய வங்கிக் கணக்கு எண்.

படி 9: மூன்று மாதத்துக்கு ஒருமுறை களையெடுப்பு

ஒவ்வொரு டிப்போ மேலாளருக்கும் அவருடைய ஆட்களின் பட்டியலை அச்சிட்டு அனுப்புங்கள். பெயர், ரோல், கடைசியாக நுழைந்த தேதி. "இவர் இன்னும் இந்த வேலையில்தான் இருக்கிறாரா?" என்ற ஒரே கேள்வி. திரையில் அனுப்பினால் எல்லாவற்றுக்கும் சரி என்று ஒரே தட்டில் முடித்துவிடுவார்கள். காகிதத்தில் அனுப்பினால் ஏனோ படிக்கிறார்கள்.

பட்டியலில் யாரும் உரிமை கொண்டாடாத கணக்கு ஒன்று நிச்சயம் இருக்கும். "டெஸ்ட்1" என்றோ "யூசர்7" என்றோ. அதை நீக்காமல் முடக்கிவிட்டு, யார் கூப்பிடுகிறார் என்று காத்திருங்கள். ரப்பர் வியாபாரம் செய்யும் நிறுவனம் ஒன்றில் நான் முதன்முதலில் அப்படி முடக்கிய கணக்குக்கு அட்மின் அதிகாரம் இருந்தது. யார் உருவாக்கியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை பத்தரை மணிக்கு டிப்போவிலிருந்து அழைப்பு வந்தது. பால் கேன்களோடு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், எடை எதுவும் கணினியில் ஏறவில்லை. தராசிலிருந்து எண்ணை மென்பொருளுக்கு அனுப்பும் சிறு நிரல், ஆண்டுக்கணக்காக அந்தக் கணக்கைப் பயன்படுத்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தராசுக்கு அத்தனை காலமும் முழு நிறுவனத்தின் அட்மின் அதிகாரம். கணக்கைத் திறந்துவிட்டு வரிசை கரையும்வரை காத்திருந்தேன். மாலையில் அதன் பெயரை "எடைமேடை" என்று மாற்றி, எடைக் கட்டத்தில் எழுதும் அனுமதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பொறுப்பாளர் என்ற இடத்தில் டிப்போ மேலாளரின் பதவியை எழுதினேன்.